நெல்லோடு சண்டை போட்ட கூடை வாத்தியார்

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்குச் சண்டை போடுவார்கள். வரப்புக்குப் போடுவார்கள், கூலிக்குப் போடுவார்கள், பட்டாவில் ஒரு எழுத்து மாறியதற்குத் தலைமுறை தலைமுறையாகப் போடுவார்கள். ஆனால் நெல்லோடு, அந்த வாயில்லாத நெல்லோடு, நேருக்கு நேர் நின்று சண்டை போட்ட ஒரே மனிதர் கல்லணை தொடங்கிக் கடல் வரைக்கும் எங்கள் கூடை வாத்தியார் ஒருவர்தான். வருஷா வருஷம் தை மாசம் சண்டை நடக்கும். வருஷா வருஷம் நெல்தான் ஜெயிக்கும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் நான் பெருக்கிக் கூட்டும் வேலை பார்த்த கல்லூரியில் அவர் கூடைப்பந்துக்குக் கோச். நான் நிரந்தரம், அவர் தற்காலிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்லூரியில் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த மரியாதை வித்தியாசம் அதுதான்.

பத்திரிகைகளில் பெரிய பெரிய கோச்சுகளின் வரலாறு போடுகிறார்கள். எந்த வருஷம் எந்தக் கோப்பை, எத்தனை பேரை இந்தியாவுக்கு ஆட அனுப்பினார் என்று நாலு பக்கத்துக்கு வருகிறது. நானும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். எங்கள் வாத்தியாரின் சாதனைக்கு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும். ஒன்பது வருஷம் கோச்சாக இருந்தார். கோப்பை ஒன்றும் இல்லை. இந்தியாவுக்கு ஆட ஒருவரையும் அனுப்பவில்லை. சிங்கப்பூருக்குச் சாரம் கட்ட ஏழு பேரை அனுப்பினார். அனுப்பினார் என்பதுகூடத் தப்பு. அவர் பிடித்துப் பிடித்து வைத்தார், அவர்கள் போனார்கள்.

கல்லூரி அலுவலக வாசலில் ஒரு பலகை உண்டு. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் அதைத் துடைப்பது என் வேலை. தமிழுக்கு நேரே ஒரு பெயர், கணக்குக்கு நேரே ஒரு பெயர், உடற்கல்விக்கு நேரே ‘காலி’ என்று இருக்கும். ஒன்பது வருஷமும் நான் அந்தக் காலியைத் துடைத்தேன். அந்தக் காலியோ தினமும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வந்து விசில் ஊதிக்கொண்டிருந்தது.

விசிலை அவர் வாயிலிருந்து எடுக்கவே மாட்டார். பேசும்போதும் அது பல்லிடுக்கில் இருக்கும். “லூர்தக்கா” என்று என்னைக் கூப்பிட்டால் நடுவில் ஒரு கீச் வரும். டீக்கடையில் “ஒரு டீ, சக்கர கம்மி” என்பார். மூன்று கீச் கேட்கும். கடைக்காரர் மூன்று டீ போட்டு வைத்துவிடுவார்.

ஜூன் மாசம் அட்மிஷன் நடக்கும்போது அலுவலக நிலைக்கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பார். தலை கோட்டைத் தாண்டினால் பையனைக் கையோடு பிடித்துக்கொள்வார். மார்க் எவ்வளவு என்று கேட்கமாட்டார். கூட வந்திருக்கும் அம்மாவிடம், “இன்னும் வளருவானா?” என்பார். அந்த அம்மாவும் கன்றுக்குட்டியை விற்க வந்தவள் போல, “இவங்க மாமா நிலையில இடிச்சுக்குவாருங்க, கட்டாயம் வளருவான்” என்று சொல்லும். ஒரு வருஷம் கோட்டைத் தாண்டிய ஒருவரை இழுத்துப் போய் ரிங்குக்குக் கீழே நாற்பது தடவை குதிக்கவிட்டார். நாற்பது முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு அந்த ஆள் சொன்னார்: “சார், நான் கெமிஸ்ட்ரிக்குப் புதுசா வந்திருக்கிற லெக்சரர்.”

“பரவாயில்ல, சாயந்தரமும் வாங்க” என்றார் இவர்.

இப்படிப் பொறுக்கிச் சேர்த்த பையன்களை அவர் ஆளாக்குவார். அதற்குள் அவனவன் மாமா அவனுக்குப் பாஸ்போர்ட் எடுத்துவிடுவார். அந்த வருஷங்களில் காவிரியில் தண்ணீர் சொன்ன தேதிக்கு வரவில்லை, விசா வந்தது. குறுவை போட முடியாத வீட்டில் நெட்டையாக ஒரு பிள்ளை இருந்தால் ஏஜெண்டுக்கு மூக்கில் வேர்த்துவிடும். சேவியர் என்று ஒருவன், கை வைத்தால் பந்து வளையத்துக்குள்தான் போகும். முக்கியமான ஆட்டத்துக்கு நாலு நாள் முன்பு அவனுக்கு மஸ்கட்டுக்கு டிக்கெட் வந்துவிட்டது. வாத்தியார் அவன் வீட்டுக்கே போய் நின்றார். அந்த வீடு எங்கள் தெருதான், நானும் கூட இருந்தேன்.

“நாலே நாளு இருக்கச் சொல்லுங்கம்மா. ஆட்டம் முடிஞ்சதும் நானே கொண்டாந்து ஏத்திவிடுறேன்.”

“ஜெயிச்சா என்ன சார் குடுப்பாங்க?”

“கப்பு குடுப்பாங்கம்மா.”

“அதுல சோறு வடிக்கலாமா?”

“வடிக்கலாம்மா. பெருசாத்தான் இருக்கும்.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. இவரும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. சேவியர் போய்விட்டான். ஏணி இல்லாமல் ஜன்னல் துடைக்கிறான் என்று அங்கே அவனுக்கு நல்ல பெயராம்.

அவனாவது வயிற்றுக்குப் போனான். அன்புராஜ் போனதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வெறுங்காலோடு வந்த பிள்ளை. பந்தை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து இவர் சொல்லிக்கொடுத்து, கேப்டனாக்கினார். மெயின்ரோட்டில் புதிதாக ஒரு பெரிய கல்லூரி திறந்தார்கள். கூரை போட்ட மைதானம், மரத்தில் தரை, இலவச சீட்டு, பளபளவென்று ஷூ. ஒரே வாரத்தில் அன்புராஜ் டி.சி. வாங்க வந்து நின்றான். இந்த மனிதர் அவனை நாலு அறை அறைந்திருக்க வேண்டாமா? “அங்க மரத்தரையாமே, முட்டிக்கு நல்லதுடா” என்று சொல்லி அனுப்பினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

இனி நெல்லுக்கு வருகிறேன். கல்லூரிக்கு எழுதி வைத்த நிலம் பத்து வேலி. சம்பா அறுத்தால் நெல் நேரே கூடைப்பந்துக் கோர்ட்டுக்கு வந்துவிடும். சிமெண்டுத் தளம், மர நிழல் விழாது, கேட்டுக்குப் பூட்டு உண்டு. எங்கள் தாளாளர் ஐயா கண்ணுக்கு அது களமாகத்தான் தெரிந்தது. இரண்டு கோடியிலும் எதற்கு இரும்புக் கம்பம் நட்டு இடத்தை அடைத்திருக்கிறார்கள் என்பதே அவருடைய மனக்குறை.

வாத்தியார் சண்டை போட்டுப் பாதிக் கோர்ட்டை வாங்கினார். நடுவில் சுண்ணாம்பால் தடிமனாக ஒரு கோடு. காற்றில் நெல் கோட்டைத் தாண்டி வந்தால் குனிந்து, “ஏய், உன் எல்லைக்குப் போ” என்று கையால் தள்ளுவார். பந்து நெல்லுக்குள் விழுந்தால் நாங்கள் கத்துவோம். நெல் பந்துக்குக் கீழே வந்தால் அவர் கத்துவார். நாங்கள் என்றால் நானும் காளியம்மாவும். பெருக்குவதோடு நெல் காயவைப்பதும் எங்கள் தலையில்தான்.

நெல்லைக் காயவைப்பது என்றால் கொட்டிவிட்டு உட்கார்ந்திருப்பது இல்லை. மணிக்கொரு தரம் காலால் கிளறிவிட வேண்டும். பாதத்தைத் தூக்கினால் மணி தெறிக்கும். மற்றவர்கள் நேராக நடந்து கிளறுவார்கள். நான் முட்டியை லேசாக மடக்கி, பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் போவேன். இரண்டு மடங்கு வேலை ஆகும். ஒருநாள் அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது வாத்தியார் அப்படியே நின்றுவிட்டார். வாயிலிருந்து விசில் கீழே விழுந்தது.

“டேய், எல்லாரும் இங்க வாங்கடா! லூர்தக்கா காலைப் பாருங்க. தரையை விட்டு எழும்புதா? ஒண்ணோட ஒண்ணு பின்னுதா? எதிராளியை மறிக்க இப்படித்தாண்டா போகணும். மூணு வருஷமா இதைத்தானே கத்திக்கிட்டு இருக்கேன்!”

“என் காலை எதுக்கு சார் வேடிக்கை காட்டுறீங்க? காட்சிசாலையா வச்சிருக்கேன்?”

“அக்கா, அந்தக் கோடியிலேருந்து இன்னொரு தரம் வாங்க. மெதுவா.”

“மெதுவா வந்தா நெல்லு காயாது. வேகமாத்தான் வருவேன். கண்ணு இருக்கவன் பாத்துக்கட்டும்.”

மறுநாள் நான் வெளுத்து மடித்து வைத்திருந்த புடவை கட்டிக்கொண்டு போனேன். அது வேறு விஷயம்.

அன்றிலிருந்து பையன்கள் வரிசையாக நெல்லில் இறங்கிப் பக்கவாட்டில் போவார்கள். முப்பது சுற்று. நானும் காளியம்மாவும் தள்ளி நின்ற வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, “டேய் மூணாவது, காலைத் தூக்காத!” என்று அதட்டுவோம். கூலி இல்லாமல் நெல் காய்ந்தது என்று தாளாளருக்கு வாயெல்லாம் பல். மறிப்பதில் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளை மிஞ்ச ஆள் இல்லை என்று சுற்றுவட்டாரத்தில் பெயராகிவிட்டது. அந்தக் கால் யாருடைய கால் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்பதாவது வருஷம் தாளாளர் வாத்தியாரை அறைக்குக் கூப்பிட்டார். நான் அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்கிறவளுக்குக் காது கிடையாது என்பது பெரிய மனிதர்களின் நம்பிக்கை.

“இந்த வருஷம் கப்பு வந்துச்சுன்னா கோர்ட்டு இருக்கும், உங்களையும் நிரந்தரம் பண்ணிடுறேன். வரலைன்னா சித்திரையில அங்க கம்ப்யூட்டர் பில்டிங் எழும்பிடும். ஊரே கம்ப்யூட்டர் கேக்குது. பந்து யாரு கேக்குறா?”

“நான் கேக்குறேங்க.”

“நீங்க ஒரு ஆளு.”

“இன்னும் நாலு பேரு இருந்தா ஒரு டீமுங்க.”

வெளியே வந்தவர் தாழ்வாரத்தில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு எம்பிக் குதித்து உத்தரத்தைத் தொட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. நான் பார்த்தும் பாராதது போல வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்த வருஷம் அதிசயமாக எவனுக்கும் விசா வரவில்லை. ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்துக் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். ஆட்டம் எங்கள் கோர்ட்டில். எதிரணி மெயின்ரோட்டுக் கல்லூரி, கேப்டன் அன்புராஜ். முந்தின நாள் மத்தியானம் வரைக்கும் கோர்ட்டில் நெல். சாயந்தரம்தான் மூட்டை பிடித்தோம். “காலையில தரை கண்ணாடி மாதிரி இருக்கணும் அக்கா” என்று சொல்லிவிட்டு வாத்தியார் பையன்களை உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டினார். “அவனுங்க மேக்கு ரிங்குக்குத்தான் வருவானுங்க. அங்கதான் நாம மறிக்கணும்.”

எனக்கு அது போதுமாக இருந்தது.

என் கணக்கு இதுதான். பதர்த்தூசி கிடக்கிற தரையில் பாய்ந்து வந்து குதிக்கிறவன் வழுக்குவான். காலைத் தூக்காமல் மறிக்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் பையன்கள் நெல்லிலேயே பழகியவர்கள், வருகிறவர்கள் மரத்தரைக்காரர்கள். விடிந்ததும் கோர்ட்டு முழுவதையும் கூட்டிக் கழுவினேன், மேற்கு ரிங்கைத் தவிர. காய்ந்த பிறகு ரெண்டு முறம் பதர்த்தூசியை அங்கே தூவி, கோணியை மேலே போட்டு இழுத்துத் தேய்த்தேன். வெயிலில் சிமெண்டும் அதுவும் ஒரே நிறம். என் கையாலே நான் செய்த வேலைகளில் அவ்வளவு பாங்காகச் செய்த வேலை வேறு இல்லை.

மேட்ச் நாட்களில் எனக்கு விருந்தினர் அறையில் டம்ளர் கழுவுகிற வேலை. அதனால் நான் ஒரு ஆட்டத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. பயிற்சியைத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் பாதிக் கோர்ட்டில், ஒரே ரிங்கில். அன்றைக்குத்தான் காளியம்மாவிடம் டம்ளரைத் தள்ளிவிட்டுத் துடைப்பத்தோடு கோர்ட்டு ஓரத்தில் போய் நின்றேன்.

அன்புராஜ் பாய்ந்து வந்தான். ஷூ முன்னால் போனது, அவன் பின்னால் வந்தான். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அடுத்தவன் வந்தான், கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். எங்கள் பையன்கள் இழுத்து இழுத்து நகர்ந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார்கள். பதினாலு புள்ளி முன்னால். தாளாளர் எழுந்து நின்று கைதட்டினார். எனக்கு மார்பு விம்மியது. வாத்தியார் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை விட்டு மறுபடி வந்தார்கள். எங்கள் பையன்கள் நேரே மேற்கு ரிங்கைப் பார்த்து நடந்தார்கள்.

பக்கத்தில் வாட்ச்மேன் கோவிந்தன் நின்றான். “என்னடா கோவிந்தா, நம்ம பசங்க ஏன் இந்தப் பக்கம் வர்றானுங்க?”

“பாதி ஆட்டம் முடிஞ்சா பக்கம் மாறுவாங்கக்கா.”

“எல்லா ஆட்டத்துலயுமா?”

“உலகம் பூரா” என்றான் அந்தப் பாவி.

மாதாவே என்று என் வாயில் வந்தது. எங்கள் பையன் ஒருத்தன் பந்தோடு பாய்ந்தான், மல்லாந்தான். இன்னொருவன் குதித்தான், முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. பதினாலு எட்டாகி, எட்டு மூன்றாகி, வாத்தியார் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். ரிங்குக்குக் கீழே மண்டி போட்டார். விரலால் தரையைத் தொட்டு முகர்ந்தார். ஒன்பது வருஷம் நெல்லோடு மல்லுக்கட்டியவருக்கு அது என்ன வாசனை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். ஒரு நொடிதான்.

நடுவர் வந்து தரையைத் தடவினார். “தரையை யாரு சார் சுத்தம் பண்ணது?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் வாத்தியார், “நான்தான் சார்” என்றார்.

“கோச் நீங்களா தரை கூட்டுறீங்க?”

“தரை விஷயத்துல நான் யாரையும் நம்புறதில்ல சார்.”

என்னிடம் வந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டு போய்க் கூட்டினார். துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அந்த நடுவருக்குக் கண் என்று ஒன்று இருந்திருந்தால் அதிலேயே பொய் தெரிந்திருக்கும்.

சுத்தமான தரையில் அன்புராஜ் பறந்தான். எங்கள் பையன்கள் விழுந்த பயத்தில் காலை எடுத்து வைக்கவே யோசித்தார்கள். ஒரே ஒரு கூடையில் தோற்றோம். மெயின்ரோட்டுக் கல்லூரிக்காரர்கள் ஜெயித்த பிறகும் விடாமல், இந்தக் கோச் தரையில் தூசி போட்டு ஏமாற்றப் பார்த்தார் என்று புகார் எழுதினார்கள். ஆமாம் என்று வாத்தியார் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். அன்புராஜ் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே வந்தான்.

“நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல சார்.”

“இடுப்புல அடி கிடி பட்டுச்சா?”

“இல்ல.”

“அப்ப போ.”

துடைப்பம் மறுபடி என் கையில் இருந்தது. அவன் முகத்தில் போட்டிருக்கலாம். போட்டால் எதற்கென்று சொல்ல வேண்டி வருமே என்று நின்றேன். அதுதான் நான்.

ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன்.

“நெல்லைத் திருடினியாம்மா?”

“இல்ல சாமி, பதரைத் தூவினேன்.”

“அதுல என்ன பாவம்?”

“பக்கம் மாறுவாங்கன்னு தெரியாம தூவிட்டேன் சாமி.”

அவருக்கு ஆட்டம் தெரியாது. மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு மனிதனின் பிழைப்புக்கு மூன்று மந்திரம்.

மறுநாள் சைக்கிள் ஸ்டாண்டில் வாத்தியாரை மறித்தேன். “சார், நான் போய் ஐயாகிட்ட உள்ளத சொல்லிடுறேன்.”

“என்னன்னு சொல்லுவீங்க? பக்கம் மாறுவாங்கன்னே தெரியாதுன்னா?”

“ஆமா.”

“ஒம்போது வருஷம் என் கோர்ட்டுல நின்னவங்களுக்கு இதுகூடத் தெரியலைன்னா அந்தக் கேவலம் எனக்குத்தான் அக்கா. வெளிய சொல்லித் தொலைச்சுடாதீங்க.” சைக்கிளை எடுத்தார். “உங்களுக்கு இருக்கிற வேலை போகும். எனக்குத்தான் வேலையே இல்லையே, எங்கேருந்து போகும்?”

நான் சொல்லவில்லை. ஓய்வு பெற மூன்று வருஷம் இருந்தது. நிரந்தரமாகவே இருந்து நிரந்தரமாகவே ஓய்வு பெற்றேன். அவர் போன பிறகு பலகையில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. முன்னாலேயே காலிதானே.

சித்திரையில் கம்பத்தை வெட்டினார்கள். கம்ப்யூட்டர் கட்டடம் எழும்பியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். அதில் படித்தவர்கள் அமெரிக்கா போனார்கள், படிக்காதவர்கள் வழக்கம் போல மஸ்கட் போனார்கள். அடுத்த தையில் தாளாளர் நெல்லை அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏற்றச் சொன்னார். நானும் காளியம்மாவும் ஏற்றினோம். அங்கே நான் நேராகவே நடந்து கிளறினேன். பக்கவாட்டில் போகக் கால் வரவில்லை.

வாத்தியார் கோடியக்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அங்கேயும் தற்காலிகம்தானாம். ஓய்வு பெற்ற பிறகு நாகூரில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைகள் ஆட வந்திருப்பதாகச் சொன்னார்கள். போய்க் கடைசி வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வாத்தியாருக்குத் தலை பஞ்சாக நரைத்திருந்தது. அந்தக் கீச் மட்டும் நரைக்கவில்லை. என்னை அவர் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

இடைவேளை முடிந்தது. பிள்ளைகள் எழுந்தார்கள். அவர் சட்டென்று என் பக்கம் திரும்பி, அவ்வளவு கூட்டத்தின் தலைக்கு மேலே கையைத் தூக்கிக் கத்தினார்:

“லூர்தக்கா! பக்கம் மாறுறோம்!”

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். “தெரியும் சார், நீங்க ஆட்டத்தைப் பாருங்க” என்று நானும் கத்தினேன். அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் ஜெயித்தார்களா, தோற்றார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.